தண்ணி ஓரமா ஒரு பெஞ்சு

"காஞ்சிபுரத்துல கூட்டம் இல்லாம, தண்ணி ஓரமா, நிழலோட ஒரு பார்க் இருக்கா தாத்தா?"ன்னு கேட்டிருக்கே பேராண்டி. நல்ல கேள்விதான். இந்த ஊருக்கு வர்றவன் எல்லாம் எந்தக் கோயில்ல எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்கன்னு கேப்பான், எந்தக் கடையில பட்டுப் புடவை சல்லிசுன்னு கேப்பான். சும்மா உக்கார இடம் கேட்ட முதல் ஆள் நீதான். சும்மா உக்கார்றதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி. முட்டி போனதுக்கு அப்புறம் தறிக்குழியை விட்டுத் திண்ணைக்கு ஏறினவன் நான். அதனால சொல்றேன், கேட்டுக்கோ. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

உங்க மெட்ராஸ்ல இதுக்கெல்லாம் ஏற்பாடு பலம். சேத்துப்பட்டு ஏரியைச் சுத்தி நடைபாதை போட்டு, படகு விட்டு, மீன்வளத்துறை 2016-ல பசுமைப் பூங்கான்னு திறந்துச்சு. டிக்கெட் வாங்கிட்டுப் போனா தூண்டில் போடக்கூட இடம் உண்டாம். இங்க டிக்கெட் இல்லே, படகு இல்லே. அதனாலயே நம்ம ஊர்ல இருக்கிறது பூங்கான்னு உங்க கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது. ஒரு இரும்பு கேட்டு வச்சு, 'பூக்களைப் பறிக்காதீர்'னு போர்டு மாட்டினாத்தான் உங்களுக்குப் பூங்கா. பூ இல்லேன்னாலும் பரவாயில்லே, போர்டு இருக்கணும்.

முதல்ல சர்வ தீர்த்தக் குளத்துக்குப் போ. பிள்ளையார்பாளையத்துலேர்ந்து நடக்கிற தூரம்தான், ஆட்டோக்காரன் கேக்கிற காசை நம்பாதே. பெரிய குளம். கரையைச் சுத்திச் சின்னச் சின்னதா சிவன் கோயில். அம்மன் மணல்ல லிங்கம் பிடிச்சு வச்சுப் பூசை பண்ணும்போது கம்பா நதி பெருகி வந்துச்சாம். லிங்கம் கரைஞ்சுடக் கூடாதேன்னு அம்மன் அதை அப்படியே தழுவிக்கிட்டாளாம். அப்போ எல்லாத் தீர்த்தமும் வந்து கூடின இடம் இதுன்னு தலபுராணம் சொல்லுது. ஆத்தோரம் உக்காந்தா ஒரு நாள் வெள்ளம் வரும்னு அம்மன் காலத்துலயே தெரிஞ்சிருக்கு. ஏரியைத் தூர்த்து மனை போட்டு வித்தவனுக்கும் வாங்கினவனுக்கும்தான் தெரியலே. மழைக்காலம் வந்தா ரெண்டு பேரும் டிவியில நின்னு அழுவறாங்க. அந்தக் காலத்துல எல்லாத் தீர்த்தமும் தானா வந்து சேர்ந்துச்சு. இப்பவும் வருது, விலை போட்ட பாட்டில்ல.

வெயில் ஏறறதுக்கு முன்னாடி போ. கருங்கல் படி. பத்து மணிக்கு மேல உக்காந்தா உன்னை யாரும் எழுப்ப வேண்டியதில்லே. நடையை எண்றதுக்கு மணிக்கட்டுல ஒரு கடிகாரம் கட்டியிருக்கியே, அதைக் கழட்டி உங்க பாட்டி கையில கட்டிட்டுப் போ. அடுப்படிக்கும் கொல்லைக்கும் அவ நடக்கிற நடையில உன் பத்தாயிரம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். உன் ஆபீஸ் உன்னை மெச்சிக்கும்.

படியில அசையாம இரு. மீன் வரும். முதல்ல ஒரு குமிழி. அப்புறம் தண்ணி மட்டத்துல ஒரு வாய், வட்டமா, ரெண்டு பக்கமும் மீசையோட, திறந்து மூடித் திறக்கும். ஒரு பொரி போட்டா பத்து வாய். கையளவு போட்டா தண்ணியே தெரியாது, வாய்தான் தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வழவழன்னு முதுகு பளபளக்க அடிச்சுக்கும். பொரி தீர்ந்த நிமிஷம் ஒண்ணுகூட நிக்காது. கட்சி மீட்டிங்குக்கு ஆள் சேர்க்கிறவங்க இந்தப் படியில உக்காந்துதான் தொழில் கத்துக்கிட்டாங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். பொரியைப் போடறவன் கடைசியில பையையும் சேர்த்துப் போட்டுடறான். மீன் அதைத் தொடாது. மனுஷனைவிட அதுக்கு நாக்கு நல்லா இருக்கு.

போட்டோ எடுக்காதேன்னு நான் சொல்ல மாட்டேன், நீ கேக்கவும் மாட்டே. ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். குளம் பார்க்க வர்ற ஜனம் அத்தனை பேரும் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறாங்க. குளத்தைப் பார்க்கிறது ஃபோன் மட்டும்தான்.

அமைதியும் வேணும், தண்ணியும் வேணும்னா, ரெண்டையும் சேர்த்து அனுபவிக்கிறவர் இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்கார். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ்ல, நீராழி மண்டபத்துக்கு அடியில, தண்ணிக்குள்ள படுத்திருக்கிற அத்தி வரதர். நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம்தான் எழுந்து வருவார். 1979, அப்புறம் 2019. அந்தத் தடவை ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். ஜூலை முழுக்கப் படுத்த கோலம், ஆகஸ்ட் பொறந்ததும் நின்ன கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல வந்து போனதாச் சொன்னாங்க. ஜனாதிபதி வந்தார். யாரு எவருன்னே தெரியாத ஒரு குடும்பம் தினம் என் திண்ணையில தூங்கிட்டு இருக்கும். காலையில எழுந்து, "பெரியவரே, பாத்ரூம் எங்கே?"ன்னு என் வீட்டுக்குள்ளயே என்னை விரட்டும். டோனர் பாஸ், வி.ஐ.பி. பாஸ்னு பகவானைப் பார்க்க எத்தனை தினுசுச் சீட்டு! வரிசையில நின்னவனுக்கு மோட்சம், பாஸ் வச்சிருந்தவனுக்கு ஏ.சி. கார்.

48 நாள் ஆனதும் அவர் பாட்டுக்குத் திரும்பித் தண்ணிக்குள்ள போயிட்டார். நானா இருந்தா நாலாம் நாளே குதிச்சிருப்பேன். அடுத்தது 2059. அதுவரைக்கும் அவர் அங்கேதான் இருக்கார், ஆனா அவரைத் தேடிக் குளத்தங்கரைக்கு யாரும் வர்றதில்லே. வெளியில வந்தாத்தான் மரியாதை, உள்ளே இருந்தா வெறும் தண்ணி. கூட்டம் இல்லாத இடம் கேட்டியே, போய் உக்காரு. கோயில்ல குடலை இட்லி கிடைச்சா வாங்கிக்கோ. மூங்கில் குடலையில மந்தாரை இலை வச்சு வேக வச்சது, மிளகும் சுக்கும் சீரகமும் தூக்கலா இருக்கும். சட்னி எங்கேன்னு கேட்டு என் மானத்தை வாங்காதே.

அந்தப் பெருமாளுக்கே காத்து வாங்கப் போற இடம் ஒண்ணு உண்டு. சித்திரா பௌர்ணமிக்கு வரதர் கோயிலை விட்டுக் கிளம்பி, தெற்கே அய்யங்கார்குளத்துக்குப் போவார். அங்க நடவாவின்னு ஒரு கிணறு. படியில நடந்தே உள்ளே இறங்கணும். கிணத்துக்குள்ள கல் மண்டபம் கட்டி வச்சிருக்காங்க. மத்த நாள்ல அது தண்ணிக்குள்ள முழுகிக் கிடக்கும். திருவிழாவுக்காகத் தண்ணியை இறைச்சு விடுவாங்க. பெருமாள் இறங்கி அந்த மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அதோட விடமாட்டார். அங்கேயிருந்து பாலாத்துக்குப் போய், மணல்ல பள்ளம் தோண்டி ஊறுற தண்ணிக்குப் பக்கத்துல இன்னொரு உற்சவம். ஊறல்னு பேரு. சித்திரை வெயிலுக்குத் தண்ணி ஓரமா ஒரு ராத்திரி கழிக்கணும்னு அவருக்கே தோணுதுன்னா, உன்னைக் குத்தம் சொல்ல நான் யாரு?

ஆனா நீ பௌர்ணமிக்குப் போகாதே. வேற என்னிக்காவது போ. அங்க சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டி ஒரு குளம், இல்லே, ஏரின்னே சொல்லலாம். விஜயநகரத்து ராஜாக்கள் காலத்துல தாத்தாச்சாரியார் ஏற்படுத்தினது. பேரே தாத சமுத்திரம். சமுத்திரம்னு பேர் வைக்கிற அளவுக்கு வெட்டினாங்க அப்போ. இப்ப நாம ஃப்ளாட்டுக்கு 'லேக் வியூ'ன்னு பேர் வைக்கிறோம், லேக்கை மூடிட்டு. அங்க பெஞ்சைத் தேடாதே, கரைதான் பெஞ்சு. ஆஞ்சநேயரைத் தவிர உன்னை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

பாலாறுன்னதும் நீ ஆறுன்னு நினைச்சுக்குவே. கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, ஆந்திராவுல 33 கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டுல 222 கிலோமீட்டர், கர்நாடகாவுல ஓடறதையும் சேர்த்தா ஆக மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுதுன்னு கணக்கு. ஓடுதுங்கிறது பழக்க தோஷத்துல சொல்றது. முக்கால்வாசி நாள் மணல்தான் கிடக்கும், அந்த மணலும் லாரி ஏறி ஓடிப் போயிடுச்சு. 2021 நவம்பர்ல நிஜமாவே ரெண்டு கரையும் தொட்டு வந்துச்சு. ஊரே புள்ளகுட்டியோட பாலத்துக்குக் கிளம்பிடுச்சு வேடிக்கை பார்க்க. ஆத்துல தண்ணி வர்றது வேடிக்கையாப் போன ஊர்ல நீ தண்ணி ஓரமா பார்க் கேக்கிறே. உன் தைரியத்தை நான் மெச்சிக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எந்தத் தண்ணி ஓரத்துல போய் உக்காந்தாலும், செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளு. இந்தத் தண்ணி எந்த வழியா வந்துச்சு?

குளத்தங்கரையில பூங்கா வைக்கிறது லேசு. பூங்காவுக்குப் பக்கத்துல குளம் வைக்கிறதுதான் கஷ்டம். நடைபாதைக்குக் கலர் கலரா ஓடு பதிச்சு, சிமெண்ட்ல ஒரு மான், ஒரு கொக்கு, நாலு பெஞ்சு போட்டா வேலை முடிஞ்சுது. ரிப்பன் வெட்டலாம். பெஞ்சு முதுகுல உபயதாரர் பேர் எழுதலாம். பெஞ்சைவிடப் பேர் நீளமா இருந்தாலும் தப்பில்லே. வரத்துக்காலைத் தூர் வாரினா பேரை எங்கே எழுதறது? தண்ணி மேலதான் எழுதணும். அதுவும் வரத்துக்கால் ஒரு இடத்துல குப்பைமேட்டுக்குள்ள போகும், இன்னொரு இடத்துல ஒருத்தன் வீட்டு மாடிப்படி அதுமேல நிக்கும். மாடிப்படியைத் தொட்டா அந்தத் தெரு ஓட்டு போச்சு. அதனால எந்த ஊரா இருந்தாலும் பெஞ்சு வந்துடும், தண்ணி வராது. சிமெண்ட் கொக்கு மட்டும் காஞ்ச குளத்தைப் பார்த்துக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கும். அதுக்கு இருக்கிற பொறுமை நமக்கு இல்லே.

நம்ம ஊருக்குள்ளயே மஞ்சள் நீர்க் கால்வாய்னு ஒண்ணு ஓடுது. பேரைக் கேட்டா மங்கலமா இருக்கு இல்லே? மழைத்தண்ணியை ஊரைத் தாண்டி நத்தப்பேட்டை ஏரியில கொண்டு சேர்க்க வேண்டிய கால்வாய். நீ அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்குவே, பாலத்துல வண்டியை முறுக்குவே. மஞ்சளும் தெரியாது, நீரும் தெரியாது. வீட்டுச் சாக்கடைக் குழாயை ராத்திரியோட ராத்திரியா அதுல திருப்பி விட்டவன்தான் விடிஞ்சதும் ஏரிக்கரையில நடைப்பயிற்சி போறான். நல்ல காத்து வேணுமாம் அவனுக்கு. வேகவதி ஆத்தையும் இதே கண்ணோட பாரு. அதோட கரையில குடிசை போட்டிருந்த ஏழையைக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக்கு அனுப்பினாங்க. அவன் ஆத்தை மறிச்சது தப்புதான், நான் இல்லேங்கலே. ஆனா மறிச்சவங்கள்ல அவன்தான் ரொம்ப லேசாத் தூக்கக்கூடிய ஆள்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால நம்ம பக்கத்து ஜனத்துக்கு இதுல வேற புத்தி இருந்துச்சு. உத்திரமேரூருக்கு பஸ் ஏறிப் போ, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல வெட்டி வச்சிருக்காங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் ஊர்ச் சபை போட்ட தீர்மானம். குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல ஒரு மார்க்குக்குப் படிச்சிருப்பே, அதுதான். ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. அப்படி வந்தவங்களை மூணு வாரியமாப் பிரிச்சாங்க. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கேட்டியா? உன் பார்க்குக்குத் தனி கமிட்டி, பார்க் பக்கத்துத் தண்ணிக்குத் தனி கமிட்டி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி ஒண்ணு. பெரிய வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, முன்னால தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவங்க, படிச்சவங்க, வயசானவங்களா எடுக்கணும்னு எழுதியிருக்கு. ஏரியில கால் நனைச்சவனுக்குத்தான் மேல் பதவி. பதவி 360 நாள்தான். தப்பு பண்ணினா அப்பவே இறக்கிடலாம். ஒரு தடவை இருந்தவன் மூணு வருஷத்துக்குத் திரும்ப நிக்க முடியாது. கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் சித்தப்பன் பெரியப்பன், மாமன் மச்சான், மருமவன், யாரும் நிக்கக் கூடாதுன்னு சொந்தக்காரன் பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. இதை இப்ப அமல்படுத்தினா குடத்துக்குள்ள ஓலை ஒண்ணும் இருக்காது, வெறும் குடம்தான் இருக்கும். அதுக்காக அவங்களை ரொம்பவும் தூக்கி வச்சுக்காதே. சொந்த மனையில வீடும், கால் வேலிக்கு மேல நிலமும் இருந்தாத்தான் பேரே ஓலையில ஏறும். உன் தாத்தன் மாதிரித் தறிக்காரன் எல்லாம் வெளியில நின்னு, குடத்தைக் குலுக்கற சத்தத்தைக் கேட்டுட்டு வர வேண்டியதுதான். பொம்பளைங்களுக்கு அதுகூடக் கிடையாது, தண்ணி சுமக்கிற வேலை மட்டும் அவங்களுக்கு.

சரி, இவ்வளவும் கேட்டதுக்கு அப்புறம், "தாத்தா, வரத்துக்காலெல்லாம் நீங்க பார்த்துக்குங்க, எனக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் தண்ணி ஓரமா உக்காரணும், அவ்வளவுதான்"னு சொல்லுவே. தெரியும். உங்க அப்பனும் இப்படித்தான், விருந்து சாப்பிடுவான், இலை எடுக்க மாட்டான்.

அப்படின்னா ஒரே ஒரு யோசனை. ஐப்பசி கார்த்திகையில வா. அடைமழை பிடிச்சுக்கிட்டா எங்க தெருவுல பாவு நீட்ட முடியாது. விடியக்காலையில தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டி, ஆளுக்கு ஒரு பக்கமா நின்னு அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவோமே, அது நின்னு போகும். தறியில ஏத்தின பாவும் ஈரம் குடிச்சுத் தொய்ஞ்சு போகும், ஓட்டினா இழை இழையா அறும். அப்போ குழித்தறிக்காரன் வீட்டுக்கு வந்து பாரு. மிதிபலகையில கால் வைக்கக் குழி தோண்டி வச்சிருக்கோம் பாரு, அதுக்குள்ள தரையிலேர்ந்து தண்ணி ஊறி வரும். முதல் நாள் குழிமண்ணு கறுத்துப் பிசுபிசுக்கும். மறுநாள் கணுக்கால். மழை விடலேன்னா முழங்கால். சீலை முடியாது, கூலி வராது, முதலாளி ஃபோன் பண்ணிக் கல்யாணத் தேதி சொல்லுவார். பெருமாளுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் ஊறல் உற்சவம். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை முடியிற வரைக்கும்.

கூட்டம் இருக்காது, தறிச் சத்தமும் இருக்காது. குழி மேட்டுல பலகை போட்டிருக்கு, அதுதான் பெஞ்சு. காலைத் தொங்கப் போட்டா நேரா தண்ணியில இருக்கும். தவளைகூட வரும், டிக்கெட் கிடையாது. பக்கெட்டு மட்டும் நீ மெட்ராஸ்லேர்ந்து எடுத்துக்கிட்டு வந்துடு, பெரிய சைஸா.